கருங்காலிச் சீவலும் இரண்டு கிரேக்கர்களும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேசைக்காரரின் எலுமிச்சை ஜூஸில் ஐஸ் மிதக்கிறது, பாருங்கள். அது ஏன் மிதக்கிறது? 1611-இல் ஃபிளாரன்ஸ் நகரில் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கலிலியோவோடு மல்லுக்கு நின்றது இந்தக் கேள்விக்காகத்தான்.

அவர்கள் கணக்கு இப்படி: குளிர் எதையும் இறுக்கும். ஆகவே பனிக்கட்டி இறுகிய தண்ணீர், தண்ணீரைவிடக் கனம். தட்டையாக அகன்றிருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்க முடியாமல் மேலேயே நிற்கிறது. வடிவத்தைப் பற்றிய இந்தப் பேச்சு அரிஸ்டாட்டில் சொன்னதிலிருந்து வந்தது. அவர் இறந்து 1,900 ஆண்டுகளுக்கு மேலாகியும் பாடம் அவருடையதுதான். பாரிஸில் அவரைத் தாக்கி எழுதிய ராமுஸ் என்பவரின் புத்தகங்களை 1544-இல் பிரெஞ்சு மன்னரே தடைசெய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

பழைய ஏட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணால் கண்டதை மட்டும் நம்பியவர் கலிலியோ என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. அவர் கையிலும் ஒரு பழைய ஏடு இருந்தது. மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடீஸ் எழுதிய நூலை, கலிலியோ பிறந்த மறு ஆண்டு, 1565-இல், கொம்மாண்டினோ என்பவர் லத்தீனில் அச்சிட்டிருந்தார். தண்ணீரைவிட லேசானது மிதக்கும், வடிவத்துக்கு அதில் வேலையில்லை என்று கலிலியோ வாதிட்டது அந்த வழியில்தான். ஒரு கிரேக்கரை மறுக்க இன்னொரு கிரேக்கர். கோப்பர்னிக்கஸும் 1543-இல் பூமி நகர்கிறது என்று எழுதியபோது பித்தாகரஸ் வழியினரைத் துணைக்கு அழைத்தார்.

எதிரணியை மட்டமாக நினைக்காதீர்கள். லொடோவிகோ டெல்லே கொலம்பே என்பவர் கருங்காலி உருண்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டார், மூழ்கியது. அதே மரத்தின் மெல்லிய சீவலைப் போட்டார், மிதந்தது. இப்போது என்ன சொல்கிறீர்கள்? நனைத்துவிட்டுப் போடுங்கள், மூழ்கும் என்றார் கலிலியோ. மூழ்கவும் செய்தது. ஆனால் உலர்ந்த சீவல் மிதப்பதற்கு அவர் காற்றைக் காரணம் காட்டினார். பரப்பு இழுவிசை என்று இன்று நாம் சொல்வது அவருக்குத் தெரியாது. வீட்டில் சவர பிளேடு ஒன்றைத் தண்ணீர்மேல் மெதுவாகப் படுக்கவைத்துப் பாருங்கள், கொலம்பேயின் பக்கம் கொஞ்சம் சாய்வீர்கள்.

1640-இல், பார்வை போய் வீட்டுக்காவலில் இருந்த கலிலியோ, லிசேட்டி என்ற அறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். அரிஸ்டாட்டிலை உண்மையாகப் பின்பற்றுபவன் நானே என்று அதில் வாதிட்டார்.