நிறுத்திவிட்ட மாத்திரையும் கிராமத்து மாரடைப்பும்

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் மாரடைப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு நம்பிக்கையும் கூடவே வரும். அது பெங்களூரு நோய், நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவர்களுக்கு வருவது. தென்னைக்குத் தண்ணீர் கட்டி, மாட்டின் பின்னால் நடந்து, களி தின்று வளர்ந்த உடம்பை அது அவ்வளவு சீக்கிரம் தொடாது என்பார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு இதில் உண்மை இருந்தது. இன்று இல்லை. இந்தியப் பதிவாளர் ஜெனரல் அலுவலகத்துடன் சேர்ந்து, கனடாவின் டொராண்டோவில் பணியாற்றும் பிரபாத் ஜா குழுவினர் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் இறப்புக்கான காரணங்களை விசாரித்துத் தொகுத்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, 2000க்கும் 2015க்கும் இடையில், 30 முதல் 69 வயதுக்குள் மாரடைப்பால் இறக்கும் கிராமத்து ஆண்களின் விகிதம் ஏறிக்கொண்டே போய் நகரத்து ஆண்களின் விகிதத்தைத் தாண்டிவிட்டது. இதைவிட நெஞ்சை உறுத்தும் இன்னொரு செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது. இதயநோயோ பக்கவாதமோ தமக்கு இருப்பது முன்பே தெரிந்திருந்து இறந்துபோனவர்களில் பாதிப்பேராவது அதற்கான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கிராமத்தில் நோயைக் கொண்டுவரும் காரணங்கள் நகரத்தைவிட அதிகமாகிவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, இன்று கனடாவில் இருக்கும் சலீம் யூசுஃப் தலைமையில் இந்தியா உட்பட 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 2014இல் அதன் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே ஒரு கணம் நின்று யோசித்தது. கொழுப்பு, பருமன், புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஆபத்துக் காரணிகள் பணக்கார நாடுகளில்தான் அதிகம். ஏழை நாடுகளில் மிகக் குறைவு. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும், அவற்றால் வரும் சாவும் ஏழை நாடுகளில்தான் அதிகம். கிராமத்தையும் நகரத்தையும் ஒப்பிட்டாலும் இதே கதைதான்: காரணிகள் குறைவாக இருந்த கிராமத்தில் நோய் தாக்கியவர்களும் அதிகம், தாக்கியபின் பிழைக்காமல் போனவர்களும் அதிகம். டொராண்டோவில் 160 அழுத்தம் உள்ளவருக்கு அது தெரியும். மாத்திரை போட்டு 130க்குக் கொண்டுவந்து வைத்திருப்பார். காரிமங்கலத்தில் அதே 160 பத்தாண்டு காலம் யார் கண்ணிலும் படாமல் ரத்தக்குழாயை அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே இந்த வட்டாரத்தில் இதயத்தைக் காப்பதென்றால் முதல் வேலை அளப்பது. இரண்டாவது, அளந்து கண்டதை விடாமல் அடக்கி வைப்பது. மற்ற அறிவுரைகள் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

ஆபத்துக் காரணி என்ற எண்ணமே ஒன்றும் பழமையானதல்ல. 1948இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரைத் தேர்ந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை உடம்பைச் சோதித்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். அதற்குமுன் வயதானால் ரத்த அழுத்தம் ஏறுவது இயற்கை, அதைத் தொடக் கூடாது என்று நினைத்த மருத்துவர்களே பலர். அந்த ஊர்தான் அதைப் பொய்யாக்கியது. பிறகு 2004இல், 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த ஆய்வு, புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, மது, உடலசைவு இன்மை ஆகிய ஒன்பதும் சேர்ந்தே மாரடைப்பு ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கை விளக்கிவிடுகின்றன என்று காட்டியது. ஒன்பதுமே மனிதர் மாற்றக்கூடியவை. "தலையெழுத்து" என்று ஒதுக்க மீதி இருப்பது சிறிய பங்குதான். அதே ஆய்வில் தெற்காசியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, முதல் மாரடைப்பு அவர்களுக்குச் சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59இல். அந்த ஆறு ஆண்டு என்பது பிள்ளையின் படிப்பும் மகளின் கல்யாணமும் நடக்க வேண்டிய காலம்.

தர்மபுரி மாவட்டத்தில் இந்தக் காரணிகள் எப்படி வந்து சேர்ந்தன என்பது கண்முன்னே நடந்த கதை. மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் சாமையும் விளைந்து அவையே இரண்டு வேளைச் சாப்பாடாக இருந்த வீட்டில் இப்போது மூன்று வேளையும் அரிசி. ரேஷனில் மலிவாகக் கிடைக்கும் பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்த தூரத்தை மொபெட் எடுத்துக்கொண்டது. மழை பொய்த்தபோது பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள், கட்டட வேலையோ கம்பெனி வேலையோ, பரோட்டாவும் தேநீரும் புகையுமாக நாளை ஓட்டப் பழகினார்கள். 2023இல் தமிழக அரசு நீலகிரியையும் தர்மபுரியையும் தேர்ந்தெடுத்து, ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அதை மருந்தாக நினைத்துவிடக் கூடாது. கேழ்வரகில் நார்ச்சத்து கூடுதல், சுண்ணாம்புச்சத்து ஏராளம். இருந்தாலும் அதிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். இரண்டு பெரிய உருண்டைக் களியும் கால் தட்டுக் கீரையும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை குறையாது. உருண்டை ஒன்றாகி, கீரையும் அவரையும் துவரையும் தட்டை நிரப்பினால்தான் பழைய சாப்பாட்டின் பலன் கிடைக்கும். அன்றைய மனிதர் களி தின்றதோடு நாள் முழுக்க வெயிலில் உழைத்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி ரத்த அழுத்தத்துக்கு வருவோம். 2020இல் தமிழகம் முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேர் தெரியாமலோ, தெரிந்தும் மருந்தில்லாமலோ, மருந்து போதாமலோ நடமாடிக்கொண்டிருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டதற்கு இந்த எண்தான் முக்கியக் காரணம். பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். சில ஆண்டு கழித்து மறுபடி எடுத்த கணக்கில், அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் சுமார் 17 சதவீதமாகியிருந்தார்கள். இரண்டு மடங்குக்கு மேல் முன்னேற்றம் என்பது பாராட்டத்தக்கது. ஆனாலும் ஆறில் ஐந்து பேர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

அளப்பதிலும் முறை இருக்கிறது, அது பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. வெயிலில் நடந்து வந்தவுடன், பீடியை அணைத்த கையோடு, பேசிக்கொண்டே எடுத்த அழுத்தத்தை நம்ப முடியாது. தேநீரும் புகையும் இல்லாமல் அரைமணி நேரம், சாய்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம், கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் ஏதாவதொன்றின் மேல் ஓய்வாக இருக்க, சட்டைக் கையின் மேல் அல்லாமல் தோலின் மேலேயே பட்டையைச் சுற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். வெவ்வேறு நாளில் பார்த்தும் 140க்கு 90ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது நோய்தான். தலைசுற்றலும் கிறுகிறுப்பும் இருந்தால்தான் பி.பி. என்று நினைப்பது ஆபத்தான தவறு. பெரும்பாலோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது.

அறிகுறி இல்லாததால்தான் முதல் எதிர்ப்பும் வருகிறது. "உடம்புல ஒண்ணும் இல்ல, எதுக்கு மாத்திரை? ஆரம்பிச்சா சாகற வரைக்கும் விட முடியாதாமே." இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளக் கூடாது, வாழ்நாள் முழுக்க ஒரு மருந்தை ஏற்க யாருக்கும் தயக்கம் இருக்கத்தான் செய்யும். விடை இதுதான்: மாத்திரை உடம்பை அடிமையாக்குவதில்லை. அழுத்தம் என்ற நோய் நிரந்தரமாக இருப்பதால் மருந்தும் தொடர்கிறது. மூன்று மாதம் சாப்பிட்டு 130க்கு வந்ததும் "சரியாயிடுச்சு" என்று நிறுத்தினால், அந்த 130ஐக் கொண்டுவந்ததே மாத்திரைதான் என்பதை மறந்துவிடுகிறோம். பல மருந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மேல் அழுத்தம் 10 புள்ளி இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய தாக்குதல்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. எடையும் உப்பும் குறைந்து, நடையும் கூடினால் மருத்துவரே அளவைக் குறைப்பது உண்டு. சிலருக்கு நிறுத்துவதும் உண்டு. அந்த முடிவை மருத்துவர் எடுக்க வேண்டும். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை கால் வீக்கம் தந்தால் வேறு மாத்திரை இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்காமல் டப்பாவை மூடிவைப்பதுதான் கேடு.

இரண்டாவது எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தார். உடற்பயிற்சிக்குப் பேர்போனவர் அவர். அடுத்த நாட்களில் பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. அவருக்கே இப்படியென்றால் நாம் எதைச் செய்து என்ன ஆகப்போகிறது என்ற சோர்வு இந்தப் பக்கமும் பரவியது. காரணிகளைக் கட்டுப்படுத்தினால் ஆபத்து குறையும், முற்றாக மறையாது. குடும்ப வழி உண்டு, மரபு உண்டு. ஆனால் ஒருவருடைய சாவைப் பார்த்து, லட்சம் பேரிடம் நிரூபணமானதைக் கைவிடுவது நியாயமாகாது. அந்தப் பயத்தில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி.யும் பெரிதாக உதவுவதில்லை. இன்று இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை அது காட்டும். குழாய்க்குள் படிந்துகொண்டிருக்கும் கொழுப்பைக் காட்டாது. "ஈ.சி.ஜி. நார்மல்" என்று வாங்கிய தாளை நம்பி, 170 அழுத்தத்தோடும் பீடியோடும் நிம்மதியாகத் திரும்புகிறவருக்கு அந்தத் தாள் தீங்கே செய்கிறது.

உணவில் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னால் உப்பைச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி. மேல்நாடுகளில் உப்பு பாக்கெட் உணவில் ஒளிந்திருக்கிறது. நம்மிடம் பெரும்பகுதி வீட்டு அடுப்பிலேயே விழுகிறது. கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, சோற்றிலும் குழம்பிலும் தனித்தனியாகப் போடும் உப்பு. ஆகவே அதைக் குறைப்பதும் நம் கையிலேயே இருக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில், சாதாரண உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, சாவும் 12 சதவீதம் குறைந்தது. காரிமங்கலத்தைச் சுற்றியுள்ளவை போன்ற கிராமங்களில்தான் அது நடந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது. புகையிலை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பீடியை விட்ட ஓராண்டில் அதனால் கூடிய மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது. 

எல்லாப் பொறுப்பையும் தனிமனிதர் தலையில் ஏற்றுகிறோமே என்று கேட்பவர்கள் சொல்வதும் சரி. பின்லாந்தின் வடக்கு கரேலியா மாகாணத்தில் 1972இல் தொடங்கிய இயக்கம், பால் பண்ணை, கடை, பள்ளிக்கூடம், பெண்கள் சங்கம் என்று ஊரையே சேர்த்துக்கொண்டதால்தான், நாற்பது ஆண்டில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம் வீடு தேடி வரும் திட்டத்திலோ பெரிய ஓட்டை ஒன்று தெரிகிறது. தன்னார்வலர் பகலில் வீட்டுக்கு வரும்போது இருப்பவர்கள் முதியவர்களும் பெண்களும். நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் பெங்களூரில் சாரத்தின் மேல் இருக்கிறார்கள். மாரடைப்பு குறிவைப்பதும் அவர்களைத்தான். செவ்வாய்க்கிழமை வாரச்சந்தையில் ஒரு மேசை போட்டு அளந்தால், தேங்காய் விற்கவும் மாடு பிடிக்கவும் வரும் ஆண்கள் ஒரே நாளில் கிடைப்பார்கள். வெளியூர் போகிறவருக்கு மூன்று மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுக்கலாம். பொங்கலுக்கு ஊர் திரும்பும் வாரத்தை அளக்கும் வாரமாக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

இத்தனைக்குப் பிறகும் நெஞ்சு வலி வரத்தான் செய்யும் சிலருக்கு. அப்போது உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தாமதம். வாய்வுப் பிடிப்பு என்று சோடா குடித்து, தைலம் தேய்த்து, விடியட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனையோடு இணைத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் தமிழகத்தில் நடத்திய ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகக் கொடுக்கப்படுகின்றன. சேலம் – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் காரிமங்கலத்துக்கு ஒரு பக்கம் தர்மபுரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி என இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகள் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், வியர்த்துக் கொட்டுவதும் மூச்சு வாங்குவதும் தாடை வலிப்பதும் மட்டுமே வரலாம். அதையும் மாரடைப்பாகவே எடுத்துக்கொண்டு, பைக்கில் ஏற்றாமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கிளம்பும்போது நோயாளியின் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன மாத்திரை, எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.