கணக்கு மறித்த கதவு

கினிகத்தேனையில் மழை கொட்டிய ஒரு நாளில்தான் என் சாதாரண தரப் பெறுபேறு வந்தது. ஒன்பது பாடங்களில் கணிதத்துக்கு நேரே ‘டபிள்யூ’; சித்தியில்லை. அத்தோடு படிப்பு நின்றது. கொழும்புப் புடவைக் கடை வேலைக்கு பஸ் ஏறினேன். எங்கள் லயத்தில் பலருக்கும் இதே கதைதான்.

2017இல் அரசு ‘13 வருட உத்தரவாதக் கல்வி’யை முதலில் 42 பாடசாலைகளில் தொடங்கியது. சாதாரண தரத்தில் தவறினாலும் 12ஆம் தரத்தில் சேரலாம். தொழிற்பாடங்கள் படித்து, 13ஆம் தரத்தில் பயிற்சி பெற்று, தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) நான்காம் மட்டச் சான்றிதழோடு வெளியே வரலாம்.

மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: “டபிள்யூ வந்தா அழாத புள்ள, பஸ்ஸும் ஏறாத. அந்தத் தொழிற்பாடப் பிரிவு எந்தப் பள்ளிக்கூடத்துல இருக்குன்னு அதிபர்கிட்ட கேளு.”