இருட்டைத் தேடிப் போனோம்!

"விளக்கு கேட்டு மனு எழுதி எழுதி எங்க கை ஓஞ்சு போச்சு. நீங்க என்னடான்னா, இருட்டு வேணும்னு காசு செலவழிச்சு மலை ஏறி வந்திருக்கீங்களே!"

கேட்டவர், வெள்ளிமலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் மரவள்ளி பயிரிடும் முதியவர். கேட்கப்பட்டவர்கள் நாங்கள் பதினோரு பேர். உடனே விடை சொல்ல எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை.

கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறி, கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைப் பார்த்தபடி கல்வராயன் மலைமீது வளைந்து வளைந்து ஏறினோம் நாங்கள். வானநூல் படித்துப் பட்டம் பெற்றவர் எங்களுள் எவருமில்லை. ஒருவர் லேத் பட்டறைத் தொழிலாளி. இருவர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் மின்கம்பம் ஏறும் தொழிலாளி. ஊருக்கெல்லாம் விளக்கேற்றுகிறவர், இருட்டைப் பார்க்க வந்தார்! மற்றவர்கள் மாணவர்கள். பிப்ரவரித் திங்கள் அமாவாசை இரவு அது. "அமாவாசையன்று மலைக்காட்டுக்கா?" என்று வீட்டில் தடுத்தார்களாம் சிலரை. நிலவில்லாத இரவு வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நாள் என்பதை வீட்டாருக்கு யார் விளக்குவது?

கரட்டு மேட்டில் தார்ப்பாயை விரித்தோம். கைவிளக்குகளுக்குச் சிவப்புத் தாள் சுற்றினோம். சிவப்பு என்றதும் சில தோழர்கள் புன்னகைப்பீர்கள்! காரணம் கண்ணில் இருக்கிறது, கொள்கையில் இல்லை. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகிறது. வெள்ளை ஒளி ஒரு நொடி பட்டால் போதும், அத்தனையும் பாழ். மங்கலான சிவப்பு அவ்வளவு கெடுப்பதில்லை.

எங்கள் தொலைநோக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது கடையில் வாங்கியதல்ல. லேத் பட்டறைத் தோழர் தம் கையால் செய்தது. இரண்டு கண்ணாடி வட்டுகள், நடுவில் கார்போரண்டம் தூள், கொஞ்சம் தண்ணீர். மேல் வட்டைத் தேய்க்கத் தேய்க்க அது குழிகிறது, கீழ் வட்டு குவிகிறது. ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றைத் தேய்க்க மூன்று மாத மாலைப் பொழுதுகள் போயினவாம். தேய்த்தது சரிதானா என்று பார்க்கும் கருவி என்ன தெரியுமா? ஒரு சிறு விளக்கும் ஒரு சவர பிளேடும்! கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பிளேடின் விளிம்பால் வெட்டிப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மேடு பள்ளம்கூட நிழலாய்த் தெரிந்துவிடும். "பட்டறையில இவ்வளவு நுணுக்கமா யாரும் வேலை கேட்டதில்லீங்க" என்றார் அவர். பெருமை கொப்பளித்தது குரலில். கண்ணாடியை ஒரு குழாயில் பொருத்தி, பிளைவுட் பெட்டியின்மேல் உட்கார வைத்திருந்தார். அவ்வளவுதான் எங்கள் வானாய்வுக் கூடம்.

அதில் வியாழனைப் பார்த்தோம். பக்கத்தில் வரிசையாய் நான்கு ஒளிப்பொட்டுகள். 1610-ஆம் ஆண்டு கலிலியோ கண்ட அதே நான்கு நிலாக்கள். அவற்றுள் பெரியது கானிமீடு. அதன் பெயர் வந்ததும் ஆசிரியர் ஒருவர் வடக்கே கையை நீட்டினார். அந்தத் திசையில்தான் சவ்வாது மலையும், அதில் காவலூரும் இருக்கின்றன.

வேணு பாப்பு என்ற அறிஞர், நகர வெளிச்சம் எட்டாத, தென்வானமும் தெரியக்கூடிய இடம் தேடி அலைந்து பிடித்த மலை அது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கிற்று. அதைச் செய்தது கொடைக்கானல் ஆய்வுக்கூடத்துப் பட்டறை! 1972 ஜூன் மாதம் கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது காவலூரிலிருந்தும் ஜாவாத் தீவிலிருந்தும் அதைக் கவனித்தார்கள்; அந்த நிலாவைச் சுற்றி மெல்லிய காற்றுப் போர்வை இருக்கலாம் என்ற தடயம் கிடைத்தது. பின்னர் 2.3 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டுக் கைகளே உருவாக்கின. கண்ணாடியைத் தேய்த்தது பெங்களூரில். 1986-இல் அது கண் திறந்தபோது பாப்பு உயிரோடில்லை, 1982-லேயே மறைந்துவிட்டார்.

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நாட்டுக்கு விடுதலை கிடைத்தது 1947-இல். கல்வராயன் மலை, ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்ததோ 1976-இல்! சாலையும் பள்ளியும் மருத்துவமும் மின்சாரமும் மற்றவர்களுக்குப் பின்னே, தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்த மலை இது. பாம்பு தீண்டுவது இருட்டில். பேறுகால வலி எடுத்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இருட்டில். அப்படிப்பட்ட மக்களிடம் போய், "ஆகா, உங்கள் இருட்டு எவ்வளவு அழகு!" என்று நகரத்தான் பல்லிளித்தால் அது கொழுப்பு. எனக்கே கூச்சமாயிருந்தது.

விடை சொன்னவர் மின்கம்பத் தொழிலாளி.

"ஐயா, உங்களுக்கு விளக்கு வேணும். அதுல ரெண்டாம் பேச்சே இல்ல. ஆனா அந்தா கிழக்கால பாருங்க."

பார்த்தோம். கள்ளக்குறிச்சிப் பக்கம் அடிவானத்தில் ஒரு வெளுப்பு, விடியப்போவது போல. மணியோ ஒன்பதுகூட ஆகவில்லை.

"அது அத்தனையும் ஆகாசத்துக்குப் போற கரண்டு. தெருவுல நடக்கிறவன் காலுக்கு ஒளி போகணும். மேலயும் பக்கத்துலயும் ஏன் போகணும்? விளக்குக்கு மேல ஒரு தகர மூடி போட்டா, பாதி வாட்டுல அதே வெளிச்சம் தரைக்கு வரும். நீலம் கலந்த வெள்ளை விளக்குக்குப் பதிலா மஞ்சள் போட்டா கண்ணும் கூசாது."

உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களால் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாது என்று 2016-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. லடாக்கில் ஹன்லே என்ற இடத்தில் 2022 முதல் இருட்டுக்கே காப்பகம் உண்டு. நம் பக்கத்தில், கொல்லிமலையின் அரியூர் சோலையை இருள்வானப் பூங்காவாக்கத் தமிழக அரசு முனைந்திருக்கிறது. நல்லதே. ஆனால் பூங்கா வேலிக்குள் மட்டும் வானத்தைக் காப்பாற்றி, அதைப் பார்க்கப் பயணப்படி வேண்டும் என்றாகிவிட்டால், ஆலைத் தொழிலாளியின் பிள்ளை பால்வீதியைப் படத்தில்தான் பார்க்கும்!

முதியவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு தம் பங்குக்கு எங்களுக்குப் பாடம் நடத்தினார். காட்டுப்பன்றி விரட்டப் பரண்மேல் கழித்த இரவுகள் ஆயிரம் இருக்குமாம், கடிகாரம் பார்த்ததில்லை. மேற்கே சாயத் தொடங்கியிருந்த அறுமீனைக் காட்டி, "அது அந்தப் பாறைக்குப் பின்னால போனா அடுத்த ஆள் காவலுக்கு வரணும்" என்றார். அதில் எத்தனை தெரிகிறது என்று கேட்டோம். ஏழு எண்ணினார்! கண்ணாடி போட்ட எனக்கு ஐந்துதான். மாணவி ஒருத்தி அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டாள்.

மிருகசீரிடத்துக்குக் கீழே உள்ள ஒளிமுகிலைக் கண்ணில் காட்டியபோது மட்டும் அவர் நெடுநேரம் நகரவில்லை. அங்கிருந்து இங்கு வர ஒளிக்கு ஏறத்தாழ 1,350 ஆண்டுகள் ஆகின்றன. மாமல்லபுரத்துப் பாறைமேல் பல்லவர் காலத்து உளி விழுந்துகொண்டிருந்த நாளில் புறப்பட்ட ஒளி என்றார் ஆசிரியர். "அப்போ இது பழைய வெளிச்சமா?" என்றார் முதியவர்.

நள்ளிரவு கடந்தது. பனி இறங்கியது. வடக்கே துருவமீன் பன்னிரண்டு பாகை உயரத்தில் தாழக் கிடக்க, தெற்கே மலைமுகட்டுக்கு மேல் திரிசங்கு எழுந்து நின்றது. டில்லிக்காரனுக்கு அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும் அது. அதற்கு இடப்புறம், வெறுங்கண்ணுக்குப் பஞ்சுத் துணுக்காய் ஒமேகா சென்டாரி. ஆறு அங்குலக் கண்ணாடியில் அது மணலாய் உதிர்ந்தது. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள்! முதியவர் அப்போது தார்ப்பாயின் ஓரத்தில் உறங்கிப்போயிருந்தார். எழுப்பிக் காட்டினோம். திட்டவில்லை.

காலையில் வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மின்கம்பத் தொழிலாளியை மட்டும் காணோம். தெருவிளக்கு ஒன்றின் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, விரலால் சாண் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் முதியவர்.

"தகரம் என்ன விலை இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.