எளிய உரையில் குறிப்பெடுத்தல்

படித்ததை மறவாதிருக்கவே குறிப்பெடுக்கிறோம். ஆனால், தேர்வுக்கு முந்தைய நாளில் அக்குறிப்பு எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் உள்ளது எனத் தேடிக் களைத்த பட்டறிவு நம்மில் பலருக்கும் உண்டு. வேண்டும்போது கிட்டாத குறிப்பு, எடுக்காத குறிப்பே ஆகும். கணினியிலுள்ள உரைதிருத்தி இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது.

உரைதிருத்தி என்பது எழுத்துகளை மட்டும் பதிந்து வைக்கும் மென்பொருள். விண்டோஸ் கணினியில் உள்ள நோட்பேட் இதற்கு எடுத்துக்காட்டு. எளிய உரைக்கோப்பில் எழுத்தின் வண்ணமும் அளவும் சேமிக்கப்படுவதில்லை. அதனால் கோப்பு சிறிதாக அமைகிறது. ஒரே மென்பொருளைச் சார்ந்து நிற்பதுமில்லை.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், தம் குறிப்புகளையும் பணிகளையும் ஒழுங்குபடுத்த, ஈமேக்ஸ் என்னும் உரைதிருத்திக்குள் இயங்கும் ‘ஆர்க் மோட்’ என்பதை 2003ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதில், வரியின் தொடக்கத்தில் ஓர் உடுக்குறியும் இடைவெளியும் இட்டால் அவ்வரி தலைப்பாகும். இரண்டு உடுக்குறிகள் இட்டால் துணைத்தலைப்பாகும். தலைப்புகளை மட்டும் காட்டி, ஏனையவற்றை மடித்து வைக்கலாம். ஈமேக்ஸ் இல்லாத கணினியிலும் இக்குறிப்பைத் திறந்து படிக்க இயலும்.

இம்முறையை நோட்பேடிலும் பின்பற்றலாம். ‘இலக்கணம்’ என ஒரு கோப்பைத் தொடங்குக. ‘* புணர்ச்சி’ எனத் தலைப்பிட்டு, அதன்கீழ் ‘** குற்றியலுகரப் புணர்ச்சி’ எனத் துணைத்தலைப்பிடுக. நூலின் தொடர்களைப் படியெடுக்காமல், புரிந்துகொண்டதை உம் சொற்களில் எழுதுக. நூலின் பெயரையும் பக்க எண்ணையும் உடன் குறிக்க.

தேடும்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். கணினி பொருளை அறியாது. எழுத்துகளின் வரிசையையே ஒப்பிடும். ‘குற்றியலுகரம்’ எனத் தேடினால் ‘குற்றியலுகரப் புணர்ச்சி’ அகப்படாது. ‘குற்றியலுகர’ எனத் தேடினால் இரண்டும் கிடைக்கும். சொற்கள் புணர்ச்சியில் திரியும் தமிழில், இலக்கண அறிவு தேடலுக்கும் துணையாகிறது.

முன்னாளில் தமிழ் எழுத்துருக்கள் பல, வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் உரை பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. ஆகவே, ஒருங்குறியில் தட்டச்சிட்டு, ‘யூடிஎஃப்-8’ முறையில் சேமித்து, வேறோர் இடத்திலும் படி ஒன்றை வைத்திருங்கள். இன்று நீங்கள் எழுதும் குறிப்பு, பல்லாண்டு கழித்தும் உங்களுக்குப் பயன்படும்.