உங்களுக்குத் தெரியுமா? கார் நுழையாத தேசியப் பூங்காக்கள்

திருகோணமலையிலிருந்து வடக்கே, சமதரையான கரையோர வீதியில் ஏறக்குறைய 15 கி.மீ. சைக்கிள் மிதித்தால் நிலாவெளி வரும். சைக்கிளைக் கரையில் விட்டு வள்ளம் ஏறினால், சுமார் 1 கி.மீ. தொலைவில் புறாமலை. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இத்தீவிலும் சுற்றுக்கடலிலும் மாடப்புறாக்களும் முருகைக்கற்பாறைகளும் காக்கப்படுகின்றன. வாகனம் செல்லப் பாதையே கிடையாது.

வறண்ட ராஜஸ்தானில், பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாதை உண்டு. பார்வையாளரின் காருக்கு அனுமதி இல்லை. ஏறக்குறைய 29 சதுர கி.மீ. பரப்புள்ள இந்தப் பறவைக் காட்டை நடந்தோ, வாயிலில் வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிளிலோ, ரிக்‌ஷாவிலோ சுற்றலாம். ரிக்‌ஷா ஓட்டுவோரில் பலர் பறவைகளை இனங்காட்டப் பயிற்சி பெற்றவர்கள். 1985 முதல் இது உலக மரபுரிமைத் தலம்.