முதுமையில் மாற்றுச் சிறுநீரகம்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு விசாரணை

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும் ஆண்டுகளில், ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவரும் நன்னீரும் கடல் அனுப்பும் உப்புநீரும் கலந்து சமநிலை பெற வழியற்றுப்போய், இறாலும் மடவையும் அருகி, வலைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதை அந்தக் கரையில் வாழும் குழந்தைகூட அறியும். மனித தேகத்திலும் அப்படியொரு முகத்துவாரம் உண்டு. முதுகுப்புறத்தில், விலாவெலும்புகளின் அடியில், கைமுஷ்டியளவில் இருபுறமும் அமைந்த சிறுநீரகங்கள் இராப்பகலாக உதிரத்தை வடித்து, வேண்டிய உப்பை நிறுத்தி வேண்டாததை வெளியே தள்ளுகின்றன. அவை தளர்ந்துவிட்டால், "ரத்தத்தில் உப்பு ஏறிப்போச்சு" என்று நம் ஜனங்கள் சொல்லுகிறார்கள். கிரியேட்டினின் என்றும் யூரியா என்றும் வைத்தியர்கள் பிரித்துக் கூறும் கழிவுகளையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கிய அந்த வழக்கு, வியாதியின் சாரத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

கோட்டைக்குப்பத்திலோ நடுக்குப்பத்திலோ ஆண்டிக்குப்பத்திலோ, நாற்பது வருஷம் ஏரியில் வலை கட்டி, சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்ட 68 வயதுப் பெரியவர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அவருக்கு டயாலிசிஸ் என்பது வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பது. போக வர ஆகும் நேரமும் துணைக்குப் போகிறவர் இழக்கும் கூலியும் வேறு. சென்னைக்குத்தான் போக வேண்டுமென்றால் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்பவர்களாலும் பொறுக்க முடியாதது தாகம். சிறுநீர் இறங்காத உடம்பில் குடித்த நீர் தங்கி நுரையீரலை அழுத்துமென்பதால், தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்கச் சொல்கிறார்கள். இளநீரில் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும் என்பதால் அதுவும் கூடாது. கருவாட்டைக் கண்ணால்தான் பார்க்கலாம்.

இந்த நிலையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாமா என்ற பேச்சு எழுந்தால், வீட்டிலிருந்து வரும் முதற்கேள்வி, "நைனாவுக்கு இந்த வயசுல எதுக்கு ஆபரேசன்?" என்பதே. அதை அன்பில்லாத கேள்வியென்று நான் எண்ணவில்லை. பயத்தில் பிறந்த கேள்வி அது. ஆனால் அதற்கு விடை இருக்கிறது, அந்த விடை எண்களாலானது.

1999ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற வைத்திய சஞ்சிகையில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களை எல்லா டயாலிசிஸ்காரர்களோடும் ஒப்பிடாமல், மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதியுடையவர்களென்று ஏற்கப்பட்டுக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு மட்டும் ஒப்பிட்டது. நல்ல தேகமுள்ளவர்களைப் பொறுக்கியெடுத்துச் சிகிச்சையின் புகழைப் பெருக்கினார்கள் என்ற ஆட்சேபத்துக்கு அதில் இடமில்லை. அந்தக் கணக்கின்படி, 60 முதல் 74 வயதுவரை உள்ளவர்கள் பட்டியலிலேயே தங்கினால் எதிர்பார்க்கத்தக்க ஆயுள் சுமார் 6 ஆண்டு. இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் பெற்றால் சுமார் 10 ஆண்டு. எழுபதைக் கடந்தவர்களிலும் மரண அபாயம் 41 சதவீதம் குறைந்ததாக 2007இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

லாபத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமன்று. அதே 1999ஆம் ஆண்டு ஆய்வு, ரண சிகிச்சைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்களில், பட்டியலில் காத்திருப்பவரைவிட மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு மரண அபாயம் 2.8 மடங்கு என்றும் சொல்லுகிறது. நாளடைவில் அந்த அபாயம் இறங்கி, முதியோர் வகுப்பில் ஏறக்குறைய ஓராண்டு கழிந்தபிறகே இரு சாராரின் உயிர்க்கணக்கும் சமமாகி, அதன்பின்னரே லாபம் தொடங்குகிறது. ஆகவே முதியவர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்கு இசைவது, முதலாண்டின் ஆபத்தைத் துணிந்து ஏற்று, பின்வரும் ஆண்டுகளைச் சம்பாதிப்பதேயாகும். கொந்தளிக்கும் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்கப் பெரிய பாண்டித்தியம் வேண்டியதில்லை. ஒளிக்காமல் சொன்னால் போதும்.

முதியவரின் உடம்பு அயல் உறுப்பை எதிர்ப்பதில் இளையவரைப்போல் மூர்க்கமாக இருப்பதில்லை என்பது இங்கே ஒரு விசேஷம். எதிர்ப்புச் சக்தி வயதோடு சாந்தமடைவதால் நிராகரிப்பு ஒப்பளவில் குறைவு. அதே காரணத்தால் கிருமித்தொற்றுக்கு இடம் அதிகம். வயோதிகர்களில் மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலைசெய்துகொண்டிருக்கும்போதே இதயமோ தொற்றோ புற்றோ உயிரைக் கொண்டுபோவது சாதாரணம். எனவே பிறந்த வருஷத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதைக் காட்டிலும், இதய நாளங்கள் திறந்திருக்கின்றனவா, பெரியவர் தாமே எழுந்து நடக்கிறாரா, நாற்காலியிலிருந்து கைதாங்கல் இல்லாமல் எழுகிறாரா என்று பார்ப்பதே வைத்தியர்கள் மேற்கொள்ளும் முறை. துடுப்புப் பிடித்த கையும் சேற்றில் ஊன்றிய காலும் உள்ளவர், 68 வயதிலும் பரீட்சையில் தேறிவிடக்கூடும். ஆனால் ஐந்தாறு வருஷம் டயாலிசிஸில் கழித்துவிட்டு வருகிறவருக்கு நாளங்கள் சுண்ணாம்பேறிப்போகின்றன. காலந்தாழ்த்திக் கேட்பதால் வரும் நஷ்டம், வயதால் வரும் நஷ்டத்துக்குக் குறைந்ததன்று.

இனி, அந்தச் சிறுநீரகம் யாரிடமிருந்து வருவது? இந்தக் கேள்வி வடசென்னைக் கடலோரத்தில் ஒரு காயத்தைத் தொடாமல் கேட்க முடியாதது. ஆழிப்பேரலையில் குப்பங்களை இழந்து எர்ணாவூர்க் குடியிருப்பில் வைக்கப்பட்ட மீனவப் பெண்கள் பலர், கடனுக்கும் பசிக்கும் தங்கள் சிறுநீரகத்தை விற்றுவிட்டிருந்த செய்தி 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. விற்பனையைக் குற்றமாக்கிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994லேயே இயற்றப்பட்டிருந்தும் அது நடந்தது. இந்தக் கரையின் ஜனங்கள் சிறுநீரகம் கொடுத்தவர்களாகப் பத்திரிகையில் இடம்பெற்றார்கள்; பெறுவதற்கு உரியவர்களாக அவர்களை எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதிய மீனவருக்கு மாற்றுச் சிறுநீரகம் அதிகப்படி ஆசை என்று யாரேனும் சொன்னால், எனக்கு எர்ணாவூர் நினைவுக்கு வருகிறது.

வீட்டுக்குள் கொடுப்பதானால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரையும், 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் பாட்டன் பாட்டியரையும் பேரன் பேத்திகளையும் நெருங்கிய உறவினராகச் சட்டம் ஏற்கிறது. நடைமுறையில் நம் தேசத்தில் பெரும்பாலும் கொடுப்பவள் மனைவியோ தாயோதான். அறுபது வயது மனைவியின் சிறுநீரகம், பரிசோதனையில் தேறினால், அறுபத்தெட்டு வயதுக் கணவருக்குப் போதுமானதே. ஆயினும் அவளைத் தனியே அழைத்து, மாமியாரும் மகனும் இல்லாத அறையில், மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறாளா என்று கேட்பதை எந்த ஆஸ்பத்திரியும் வெறும் சடங்காக்கிவிடக் கூடாதென்பது என் திடமான அபிப்பிராயம்.

மற்றொரு வழி, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, வைத்தியர்களான அவனுடைய பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தது தமிழ்நாட்டின் மனத்தையே திருப்பியது. அதே ஆண்டு அரசின் உறுப்பு மாற்றுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2014இல் அமைந்த தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், இரத்த வகுப்பையும் பதிவு மூப்பையும் பார்த்து முறைவைத்து வழங்குகிறது. யார் எந்நாளில் ஏரியின் எவ்விடத்தில் வலை கட்டுவதென்று முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்துவரும் குப்பங்களுக்கு, வரிசை என்றால் என்ன, அதை மீறுவது எத்தகைய அநீதி என்பது புதிதல்ல. 65 வயதைக் கடந்தவர்கள் இந்த வரிசையில் பெயர் பதியலாகாதென்று தேசிய அமைப்பின் வழிகாட்டுதலில் முன்பு இருந்த தடை 2023 பிப்ரவரியில் நீக்கப்பட்டுவிட்டது. இது குப்பங்களுக்கு எட்டியிருக்க வேண்டிய செய்தி.

வாலிபர்கள் காத்திருக்க, கிழவருக்குக் கொடுப்பது தர்மமா என்ற கேள்வியையும் மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஜெர்மனி முதலான சில தேசங்கள் சேர்ந்து 1999 முதல் ஒரு வழி கண்டிருக்கின்றன: 65 வயதைக் கடந்து இறந்தவரின் சிறுநீரகத்தை, 65ஐக் கடந்த நோயாளிக்கே, அருகிலுள்ள ஊரிலேயே, பனிக்கட்டியில் கிடக்கும் நேரத்தைக் குறைத்து விரைவாகப் பொருத்திவிடுகிறார்கள். இளையவருக்கு முப்பதாண்டு உழைக்கப் போதாத உறுப்பு, முதியவருக்குப் பத்தாண்டு உழைக்கப் போதும். இத்தகைய ஏற்பாடு நமக்கும் உகந்ததென்றே நினைக்கிறேன்.

இதயம் இடங்கொடுக்காதவர்களுக்கு வயிற்றறை டயாலிசிஸ் இருக்கிறது. அதற்கான திரவப் பைகளை 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தூரம் தொலையாத ஏரிக்கரைக்கு அது சிறிய உதவியன்று. மாற்றுச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு.

பெரியவர் சிறுநீரகம் பெற்றுத் திரும்பிவிட்டார் என்றே கொள்வோம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் முதலிய மாத்திரைகளை ஆயுள் முழுவதும், கடிகாரம் தவறாமல், விழுங்க வேண்டும். நன்றாயிருக்கிறதே என்று நிறுத்தியவர்கள் சிறுநீரகத்தை இழந்திருக்கிறார்கள். அந்த மாத்திரைகளால் காசம் எட்டிப் பார்க்கும், சர்க்கரை ஏறும். ஏரிக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ இனத்துக் கிருமிகள், கெளுத்தி முள் தைத்த சிறு துளை வழியாகவோ நண்டு கடித்த கீறல் வழியாகவோ உட்புகுந்தால், எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடம்பில் ஓரிரு நாளில் உயிருக்கே உலைவைக்கக்கூடும். நகரத்து வைத்தியர் இதைக் கேட்க மறந்தாலும், தம் தொழில் இன்னதென்று பெரியவர்தாம் முந்திச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பிந்திய மாதங்களில் தண்ணீரில் இறங்காமல், கரையிலேயே உட்கார்ந்து வலை பொத்தலாம். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும். இப்போது வைத்தியர் அவரை நாளொன்றுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.