‘பிகு’: பொருளும் வழக்கும்

உள்ளத்தே இசைவிருந்தும் புறத்தே கூசி மறுப்பதுபோலக் காட்டும் போலி நாணத்தைப் பேச்சுத்தமிழ் ‘பிகு’ என்கிறது. இறுக்கம் என்னும் பொருளில் இச்சொல் தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்குகிறது. பொருளின் இறுக்கத்தைக் குறித்த சொல், இறுக்கமாக இருப்பதுபோன்ற பாவனைக்கும் ஆகிவந்தது எனக் கொள்ளலாம்.

நாணம் தானே தோன்றும் உணர்வு. பிகுவோ வற்புறுத்துவார் ஒருவரை எதிர்நோக்கியே நிகழ்வது. பாடச் சொன்னதும் ‘தொண்டை சரியில்லை’ என மறுத்தவர், மீண்டும் கேட்டதும் பாடத் தொடங்குவது இதற்குச் சான்றாகும். புறத்தே அயன்மை காட்டும் சொல்லுக்குள் அன்பு மறைந்திருத்தலைத் திருக்குறளின் ‘குறிப்பறிதல்’ அதிகாரமும் பேசுகிறது.

இச்சொல்லின் இடவழக்கு இங்குக் கருதத்தக்கது. ‘பிகு பண்ணாதே’, ‘ரொம்பத்தான் பிகு பண்ணுகிறாள்’ என முன்னிலையிலும் படர்க்கையிலும் பெருக வழங்கும் இது, தன்மையில் அருகியே வருகிறது. அஃதாவது, ஒரு மறுப்பைப் பிகு எனத் தீர்மானிப்பவர் மறுத்தவர் அல்லர், மறுக்கப்பட்டவரே. இதனால், ஒரு பெண் மெய்யாகவே ‘வேண்டாம்’ என்றாலும் அம்மறுப்பு இச்சொல்லால் பொய்யாக்கப்பட இடமுண்டு. ஆகவே, பிகு என்பதற்குப் ‘போலி நாணம்’ எனப் பொருளுரைப்பதோடு அமையாது, அது பிறர்மேல் ஏற்றிக் கூறப்படும் மதிப்பீடு என்பதையும் சுட்டுதல் வேண்டும்.